அவளுக்குச் செவ்வாய் இருக்கு

மண்டி மொஹல்லா, மைசூரு
26 ஜனவரி 2025

அன்புள்ள அம்மிணி தமிழ்ப்ரியாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. மைசூர் ஜில்லாவில் நம்ப மாட்டார்கள், சாமராஜநகர் ஜில்லாவில் நம்ப மாட்டார்கள், நிலாவில் ஆள் இருந்தால் அவனும் நம்ப மாட்டான். கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உலக உருண்டையின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு ஐந்து நாள். நஞ்சம்மா அக்கா போனை எடுப்பதே இல்லை. உன் அப்பா எடுத்தார். எடுத்து, "ம்" என்றார், வைத்துவிட்டார். கூடப் பிறந்த அக்கா, தூக்கி வளர்த்த அக்கா மகள், இருவரும் சேர்ந்து என்னைத் தள்ளிவைத்தால் மனுஷன் என்ன செய்வான்? பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு தபால் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அது என்னைப் பார்த்து அழுதது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு, பத்தொன்பதாம் தேதி, காலை பதினோரு மணி. கடையில் நான்காயிரம் பேர். மறுநாள் மைசூரில் உள்ள அத்தனை பள்ளிக்கூடத்திலும் புராஜெக்ட் கொடுக்க வேண்டும் போல. ஒருத்தருக்கு எரிமலை, ஒருத்தருக்கு இதயம், ஒருத்தருக்குக் காவிரியின் பாதை. சார்ட்டும் ஜிகினாவும் தெர்மாகோல் உருண்டையும் பறக்கின்றன. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சொர்ணலதா அம்மாள் வந்தார். உன் வருங்கால மாமியார், மாப்பிள்ளை அருண்ராஜைப் பெற்றவர். நிச்சயதார்த்தத்துக்குப் பதினான்கே நாள். அழைப்பிதழ் மாதிரி பார்க்க இந்தப் பக்கம் வந்தவர், பெண்ணின் தாய்மாமன் கடையாயிற்றே என்று எட்டிப் பார்த்தார். ஸ்டூல் போட்டேன். டீ சொன்னேன்.

"நம்ம பொண்ணு ஸ்கூல்ல என்ன கிருஷ்ணராஜண்ணா சொல்லிக் கொடுக்குறா?" என்று கேட்டார்.

என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கலாமா? அணை மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. "என்னங்கம்மா அப்படிக் கேட்டுப்போட்டீங்க! சூரியக் குடும்பமே எங்க ப்ரியா மேஜை மேல இருக்குதுங்க. புதன் இருக்கு, வெள்ளி இருக்கு, வியாழன் ஆயிரம் நிலாவோட இருக்கு, சனி வளையத்தோட இருக்கு, செவ்வாய் இருக்கு..."

"செவ்வாய் இருக்கா? நிஜவா?"

"இருக்குங்க! பலமா இருக்கு! நானே செஞ்சது!"

நான் சொன்னது எந்தச் செவ்வாய் என்று உனக்குத் தெரியும். ஆரஞ்சுப் பழம் அளவு தெர்மாகோல் உருண்டை, இரும்பு கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு மூன்று கோட்டிங். நீதான் சொன்னாய், நிஜச் செவ்வாயும் அதேதான், துருப்பிடித்த மண்தான் என்று. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கும் கடவுளுக்கும் பெயிண்ட் ஒரே கடையில் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இனிதான் யாரும் நம்ப முடியாத இடம். "பலமா இருக்கு" என்று சொல்லி முடித்து, "நானே" என்று நான் வாயெடுக்கும் அந்த ஒரு நொடியில், சந்து முனையில் பேண்டு செட் ஒன்று திரும்பியது. எழுபத்தாறு டிரம்பெட். முப்பது டிரம். பின்னால் யானையோ, யானை அளவு மாடோ ஒன்று. "நானே செஞ்சது" என்ற என் இரண்டு வார்த்தையும் சொர்ணலதா அம்மாள் காதுக்கு இரண்டடி முன்னால் செத்து விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சத்தம் ஓய்ந்தபோது ஸ்டூல் காலி.

உனக்கோ ஜாதகம் கிடையாது. பிறந்த நேரம் கேட்டால் அக்கா இன்றைக்கும் "மாடு கறக்கற நேரம்" என்பாள். காலைக் கறவையா, சாயங்காலக் கறவையா என்றால் கோபித்துக்கொள்வாள். அதனால் கோயிலில் சாமி முன்னால் பூ வைத்துப் பூவாக்குக் கேட்டு முடித்த சம்பந்தம் இது. இப்போது அந்த அம்மாள், செவ்வாய் தோஷத்தை மறைக்கத்தான் ஜாதகத்தையே மறைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். இதையே நான் கன்னடத்தில் "மங்கள கிரகம்" என்று சொல்லியிருந்தால், மங்களம் என்று நினைத்துச் சர்க்கரை வாயில் போட்டிருப்பார். தமிழில் வாயைத் திறந்ததுதான் நான் செய்த குற்றம்.

உலகம் போற்றும், தற்சமயம் ஹனூர் மட்டும் போற்றாத, உன் தாய்மாமன்
கிருஷ்ணராஜ்


ஹனூர்
31 ஜனவரி 2025

மாமா,

உங்கள் கடிதம் வந்தது. "உன்ற மாமன் கடுதாசியப் பிரிக்காத கண்ணு, பிரிச்சா சிரிச்சுப்போடுவ" என்று அம்மா சொன்னார். பிரித்தேன். டிரம்பெட் வந்த இடத்தில் சிரிப்பும் வந்தது. உங்களை பிளாக் செய்ததே அதற்காகத்தான். போனில் பேசினால் சிரிக்க வைத்துவிடுவீர்கள். எனக்குக் கோபப்பட வேண்டியிருக்கிறது.

இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இருபத்தொன்றாம் தேதி அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. அப்பாதான் எடுத்தார். நிச்சயதார்த்தத்தை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். "நீங்க மறைச்சிட்டீங்க" என்று மூன்று முறை சொன்னார்களாம். அப்பா அதற்குப் பிறகு யாரோடும் பேசுவதில்லை. நீங்கள் கேட்ட அந்த "ம்" தான் அவர் இந்த வாரம் பேசியது.

இருபத்து நான்காம் தேதி மார்டள்ளியில் என் பள்ளிக்கூடத்தில் வானம் பார்க்கும் நிகழ்ச்சி. மூன்று மாதமாக ஏற்பாடு செய்தது. ஒத்திப்போடலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார், நான் கேட்கவில்லை. இந்த ஜனவரி மாதிரி நான்கு கோள்கள் ஒரே சாயங்காலத்தில் வரிசையாக நிற்பது அடிக்கடி வராது. ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தோம். மேற்கே வெள்ளி, டெலஸ்கோப்பில் பாதி நிலா போல. வெள்ளிக்கும் வளர்பிறை தேய்பிறை உண்டு என்று பார்த்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். அதற்குக் கீழே சனி. இந்த வருஷம் வளையம் தன் விளிம்பை நமக்குக் காட்டுகிறது. எள்ளைக் குண்டூசியில் குத்தி வைத்த மாதிரி ஒரு மெல்லிய கோடுதான். "உங்க மாமா செஞ்ச சனிக்கு வளையம் பெருசா இருந்துச்சே மிஸ்" என்று புகார் வந்தது. வியாழன் ஏறக்குறைய தலைக்கு மேலே, பக்கத்தில் நான்கு நிலாப் புள்ளிகள். ஆயிரம் இல்லை மாமா. இதுவரை கண்டுபிடித்தவை தொண்ணூற்றுச் சொச்சம்.

பிறகு கிழக்கே திரும்பினோம். செவ்வாய். கண்ணுக்கே சிவப்பாகத் தெரிந்தது, மினுமினுக்காமல். எட்டாம் வகுப்பு காவேரி வரிசையில் முதலில் நின்றாள். குனியவில்லை.

"மிஸ், உங்களுக்கும் செவ்வாய் இருக்காமே? எங்கம்மா சொன்னாங்க. இதுல கண்ணை வெச்சா எங்களுக்கும் வந்துருமா?"

நான் பதில் சொல்வதற்குள் பதினொரு பெண் பிள்ளைகள் வரிசையை விட்டு விலகிப் போனார்கள். வெள்ளியைப் பார்த்தவர்கள், சனியைப் பார்த்தவர்கள். பையன்கள் பார்த்தார்கள். அந்தப் பதினொரு பேரும் புங்க மரத்தடியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் பாடப் புத்தகம் கன்னடம். பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ். அதனால் எல்லாப் பெயரையும் இரண்டு மொழியிலும் எழுதிப்போடுவேன். "கோள்" என்று முதன்முதலில் எழுதியபோது இதே காவேரி, "எங்கம்மா கோள் சொல்லாதேன்னு அடிப்பாங்களே, அந்தக் கோளா மிஸ்?" என்று கேட்டாள். அது வேறு, இது வேறு என்றேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

வெட்கத்தை விட்டு ஒன்று எழுதுகிறேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். ஜனவரி பன்னிரண்டாம் தேதி அருண்ராஜ் வீட்டுக்கு வந்திருந்தார். சாயங்காலம் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை வைத்தேன். அன்றைக்குத்தான் செவ்வாய் நமக்கு மிகக் கிட்டத்தில், கிட்டத்தில் என்றால் ஒன்பதரைக் கோடி கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த இத்தினியூண்டுக்கா எங்க அத்தை கல்யாணம் நின்னுச்சு?" என்றார். அவர் அத்தை இன்னும் தனியாகத்தான் இருக்கிறாராம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

அவர் போன் செய்தார். அன்றைக்குக் கடையில் தான் இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும் என்றார். இருந்திருந்தால் அங்கேயே சிரித்து முடித்திருப்பாராம். அவர் அம்மா ஒரு பரிகாரம் சொல்கிறார். சிவராத்திரி அன்று ஒரு கோயிலில் எனக்கும் ஒரு வாழை மரத்துக்கும் கல்யாணம் செய்து, மரத்தை வெட்டிவிட வேண்டும். தோஷம் மரத்தோடு போய்விடும். "காலு மணி நேர வேலை ப்ரியா, அட்ஜஸ்ட் மாடிக்கோ" என்று அருண்ராஜ் கன்னடம் கலந்து சொன்னார். செய்யலாம். காலு மணி நேரம்தான். ஆனால் மறுநாள் அந்தப் பதினொரு பேருக்கு முன்னால் நின்று செவ்வாயைப் பற்றி நான் என்ன சொல்வேன்?

நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். உருண்டை என்று சொல்லுங்கள். யானை வேண்டாம், பேண்டு வேண்டாம். இன்னொன்றுக்கும் பதில் எழுதுங்கள். அன்று "அவகிட்ட செவ்வாய் இருக்கு" என்றீர்களா, "அவளுக்குச் செவ்வாய் இருக்கு" என்றீர்களா? முதலாவதாக இருந்தால் அது மேஜை மேல் இருக்கிற பொருள். இரண்டாவதாக இருந்தால் அது நான்.

ப்ரியா


மண்டி மொஹல்லா, மைசூரு
6 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

போனேன். வென்றேன் என்று எழுத ஆசை.

உன் செவ்வாய் உன் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் ராத்திரியோடு ராத்திரியாகப் புதுச் செவ்வாய் ஒன்று செய்தேன். பெயிண்ட் காயவில்லை. ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு விஜயநகரில் அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் என் சட்டையில் பாதி செவ்வாய் ஏறிவிட்டது. வழியில் இரண்டு போலீஸ்காரர்கள் கொலை என்று நினைத்துத் துரத்தினார்கள். சரி, ஒருவர். சரி, துரத்தவில்லை, பார்த்தார்.

சொர்ணலதா அம்மாள் கதவைத் திறந்தார். உருண்டையை இரண்டு கையிலும் ஏந்தி, "இதாங்கம்மா அந்தச் செவ்வாய்! நான் சொன்னது இதைத்தான்!" என்று ராஜசபையில் நிற்கிறவன் மாதிரி நின்றேன். அந்த அம்மாள் அதைத் தொடக்கூட இல்லை. "அதை வாசப்படிக்கு வெளிய வைங்க மொதல்ல" என்றார். நூறு கிராம் தெர்மாகோலுக்கு ஒரு மனுஷி அப்படிப் பின்னால் போய் நான் பார்த்ததில்லை.

பிறகு உட்காரச் சொல்லி, நிதானமாகச் சொன்னார்: "கிருஷ்ணராஜண்ணா, நீங்க வாயத் திறந்தா பொய்தான்னு மண்டி மொஹல்லாவுக்கே தெரியும். வருஷம் பூரா பொய் பேசுறவர் அன்னிக்கு ஒரு நாள் வாய் தவறி நிஜம் சொல்லிட்டீங்க. இப்ப அதை மூடறதுக்கு உருண்டை தூக்கிட்டு வந்திருக்கீங்க. எங்க வீட்ல ஒருத்தி வாழ்க்கை இதால போச்சு. என் மகனுக்கு நான் பயப்படக் கூடாதா?"

அம்மிணி, ஐம்பத்தெட்டு வருஷத்தில் முதன்முறையாக நான் கலப்படம் இல்லாத உண்மையைச் சுமந்துகொண்டு ஒரு வீட்டுப் படி ஏறினேன். அதை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், சாதுவான பிள்ளை. அன்றைக்குக் கடையில் எப்படி ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் புது உலக உருண்டையைச் சுற்றிவிட்டுக்கொண்டு நின்றானோ, அப்படியே நேற்றும் ஒரு வார்த்தை பேசாமல் போனைத் தடவிக்கொண்டு நின்றான்.

கவலைப்படாதே. இந்த மூளை சும்மா இருக்குமா? வழி கண்டுபிடித்துவிட்டேன். ஜாதகம் இல்லாததுதானே பிரச்சினை, ஒரு ஜாதகம் எழுதிவிடுவோம். மாடு கறக்கிற நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளினால் செவ்வாய் பெட்டி படுக்கையோடு அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விடும். எழுதித்தர ஆள் இருக்கிறார். டீத் தண்ணீரில் காகிதத்தை நனைத்துக் காயவைத்தால் இருபத்தேழு வருஷப் பழசு ஆகிவிடும். அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இலக்கணம் கேட்டிருக்கிறாய். "கிட்ட" தான். எழுபத்தாறு டிரம்பெட் சாட்சி.

போர்க்களத்தில் காயம்பட்ட
கிருஷ்ணராஜ மாமா


ஹனூர்
11 பிப்ரவரி 2025

மாமா,

ஜாதகம் வேண்டாம். பொய் ஜாதகத்தைக் காட்டி எனக்குச் செவ்வாய் இல்லை என்று தப்பித்துக்கொண்டால், செவ்வாய் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிற பெண்கள் என்ன செய்வார்கள்? அவர் அத்தை என்ன செய்வார்?

ஒரு வரியை நான்கு தடவை படித்தேன். அருண்ராஜ் அன்றைக்குக் கடையில் உலக உருண்டையைச் சுற்றிக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதல் கடிதத்தில் அவர் அம்மா மட்டும்தான் வந்தார். அருண்ராஜும் தான் அங்கே இல்லை என்று என்னிடம் சொன்னார்.

இருந்தாரா? ஒரு கார்டில் ஆமாம் அல்லது இல்லை என்று எழுதிப் போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

ப்ரியா


அஞ்சலட்டை
மைசூரு, 15 பிப்ரவரி 2025

ஆமாம்.

பையன் நல்லவன், உன் மனசில் கல் விழக்கூடாது என்றுதான் முதல் கடிதத்தில் அவனை எழுதவில்லை. பேண்டு சத்தத்தில் அவனுக்கும் ஒன்றும் காதில் விழுந்திருக்காது. அட்டையில் இடம் போதவில்லை, இல்லாவிட்டால் இன்னும்


ஹனூர்
24 பிப்ரவரி 2025

மாமா,

நேற்று மைசூருக்கு வந்திருந்தேன். உங்கள் கடைக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அருண்ராஜைப் பார்த்தேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அன்னிக்குக் கடையில நீங்களும் இருந்தீங்களா?"

தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "இருந்தேன்."

"என்கிட்ட இல்லைன்னு சொன்னீங்களே?"

"சொன்னா நீ கோபப்படுவ."

"மாமா சொன்னது தெர்மாகோல் உருண்டையைத்தான்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். உன் ஸ்கூலுக்கு வந்தப்ப என் கையாலதானே அதை உன் மேஜையில நகர்த்தி வெச்சேன். ஆனா அம்மா முன்னாடி எப்படி ப்ரியா... அத்தை விஷயத்துல இருந்து அம்மாவுக்கு இதுன்னா உயிர் போயிரும். உங்க மாமாவே சும்மா இருந்தாரே, நான் எப்படிப் பேசுறது?"

"அவர் சொன்னார். பேண்டு சத்தத்துல உங்க காதுல விழல."

"பேண்டா? எந்த பேண்டு? சந்தே காலியா கிடந்துச்சு. அம்மா 'யாருக்கு, ப்ரியாவுக்கா?'ன்னு கேட்டாங்க. 'ஆமாங்க, அவளுக்குத்தான், பலமா இருக்கு'ன்னார் உங்க மாமா. தான் செஞ்சதுன்னு எல்லாம் சொல்லவே இல்ல. நாங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தோம்."

அதற்குப் பிறகு சிவராத்திரிக்கு எல்லாம் சொல்லி வைத்தாயிற்று, மரம் கூடப் பார்த்தாயிற்று என்றார். எனக்கு அந்த மரத்தின் மேல் பரிதாபமாக இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். பரிகாரம் செய்ய முடியாது, கல்யாணமும் வேண்டாம். அவர் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. பயமே இல்லாத மகன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்ததுதான் புரியவில்லை. பஸ் கிளம்பும் வரை ஜன்னலுக்கு வெளியே நின்றார். கடைசி நிமிஷத்தில், "வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். "ரீச் ஆனதும் மெசேஜ் போடு" என்றார்.

இரண்டரை மாதமாகச் செவ்வாய் வானத்தில் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நிஜத்தில் அது பின்னால் போவதில்லை. பூமி உள்வட்டத்தில் அதைவிட வேகமாகப் போகிறது. நம் பஸ் ஒரு லாரியைத் தாண்டும்போது லாரி பின்னால் போவது போலத் தெரியுமே, அது மாதிரி. இன்றிலிருந்து மறுபடி முன்னால் நகரும். காலையில் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அருண்ராஜும் அப்படித்தானோ, நான் அவசரப்பட்டு முந்தியதால் அவர் பின்வாங்குகிற மாதிரித் தெரிகிறதோ என்று தோன்றியது. இல்லை மாமா. இவர் நிஜமாகவே பின்வாங்கினார்.

போன வெள்ளிக்கிழமை டெலஸ்கோப்பை மறுபடி வைத்தேன். அந்தப் பதினொரு பேரில் காவேரி மட்டும் வந்தாள். "ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். பார்த்ததை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மற்றப் பத்துப் பேர் வரவில்லை.

அருண்ராஜை எனக்கு இரண்டு மாதமாகத் தெரியும். உங்களை இருபத்தேழு வருஷமாக. அவர் சொன்ன பொய்யை நான் பஸ்ஸிலேயே அழுது முடித்துவிட்டேன். உங்களுடையது இன்னும் தீரவில்லை. நீங்கள் சொன்ன அத்தனை பொய்யும் எனக்குப் பிடித்துத்தான் வளர்ந்தேன், ஏனென்றால் அதில் ஒன்றாவது என்னை வைத்துச் சொன்னதாக இருந்ததில்லை.

பேண்டு வராத ஒரு கடிதம் எழுத முடியுமென்றால் எழுதுங்கள். முடியாதென்றால் வேண்டாம்.

தமிழ்ப்ரியா


மைசூரு
2 மார்ச் 2025

ப்ரியா,

இது நான்காவது காகிதம். முதல் மூன்றிலும் பேண்டு வந்துவிட்டது. ஒன்றில் யானையும் வந்தது. கிழித்துப்போட்டேன்.

கடையில் நான்காயிரம் பேர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரு அப்பாவும் அவர் குழந்தையும் ஜிகினா வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேர்தான். சொர்ணலதா அம்மாள் ஸ்டூலில். பையன் உலக உருண்டைப் பக்கத்தில். சந்தில் ஒரு ஆட்டோ போனது, ஹாரன்கூட அடிக்கவில்லை.

இரண்டாவது காகிதத்தில் பேண்டோடு வேறு ஒரு கதையும் எழுதினேன். நான் வேண்டுமென்றேதான் சும்மா இருந்தேன், மாப்பிள்ளைக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று சோதித்தேன், உன்னைக் காப்பாற்றினேன் என்று. எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்தது. தாய்மாமனின் தீர்க்கதரிசனம் என்று ஒரு வரிகூட வந்தது. நீயும் ஒரு நாள் நம்பி எனக்கு நன்றி சொல்லியிருப்பாய். அதுவும் அளப்புதான். அப்போது நான் பையனை நினைக்கவே இல்லை.

முதலில் "அவகிட்ட" என்றுதான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். "நிஜவா?" என்று அந்த அம்மாள் கேட்டதுமே என்ன நினைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கண் இரண்டும் பெரிதாகிவிட்டன. பார்க்க எனக்குச் சிரிப்பு. இன்னும் ஒரு சுற்றுப் பயமுறுத்திவிட்டு, அப்புறம் உருண்டை என்று சொன்னால் கடையே சிரிக்கும் என்று நினைத்தேன். "ப்ரியாவுக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க, அவளுக்குத்தான்" என்றேன்.

அப்போதுதான் பையனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. அவன் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவன் இருந்திருப்பான். டீ முடிந்தது. வாசல் வரை வந்து வழியனுப்பினேன். செருப்பைக்கூட எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை போன் செய்து சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை கடையில் வேலை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை உன் அப்பாவுக்குப் போன் போய்விட்டது. அதற்குப் பிறகு உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று பேண்டு செட் கூப்பிட்டேன்.

அந்த அத்தையைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி விளையாடியிருக்க மாட்டேன் என்று எழுத வருகிறது. எழுதவில்லை. எனக்கே நிச்சயமில்லை.

நேற்று மறுபடி விஜயநகர் போனேன், உருண்டை இல்லாமல். வேண்டுமென்றே சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன், பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றேன். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார். "இப்பவும் அவளுக்காகத்தானே பேசுறீங்க" என்றார். நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உனக்கு எழுதியதில் ஒரே ஒரு சின்ன இடம்தான் நடந்தது நடந்தபடி இருக்கிறது. "பலமா இருக்கு" என்று சொன்னது. அது நிஜம். அதற்குப் பிறகு "நானே செஞ்சது" என்று சொல்லவில்லை. சொல்ல நேரம் நிறைய இருந்தது.

மாமா